ஆறாம் பாத்திச் செடிகள்

பிப்ரவரி 3

என் தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ, உன் வீட்டுக்காரி, என் மருமகள் மூவரும் சுகம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு முழங்கால் வலி வந்தால் என்ன செய்வான் என்று உன் மாமாவிடம் கேட்டேன். "அவன் எங்க காலால ஓட்டுறான், வாயாலதான ஓட்டுறான்" என்றார். என் காதில் விழ வேண்டுமே என்று அதையும் கத்தித்தான் சொன்னார். மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் உன் முழங்காலை விசாரித்தாள். இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்காது. அதனால்தான் போன் வேண்டாம், கடிதமே போடு என்கிறேன்.

ஒரு நல்ல சேதி. பூங்காவில் என்னை நாற்றங்காலுக்குத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே ஆறு பேர். நீ வந்து பார்த்தால் அது நம் பழைய தொழிற்சாலை என்று நம்பமாட்டாய். சைக்கிள் கைப்பிடிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நாங்கள் முலாம் பூசிய கூடம்தான் இப்போது வாசல் மண்டபம். பின்னால் மஞ்சளாக ஓடுமே அந்தச் சாக்கடை, அதில் நாணல் நட்டுத் தண்ணீரைப் படிப்படியாகத் தெளியவிட்டு, மேலே மரப்பாலம் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு கொக்கு வந்து நின்றது. அதைப் பார்க்க இருபது பேர் கூடிவிட்டோம். திறந்த பிறகு வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்ப்பார்களாம். சூழல் சுற்றுலா என்று பெயர். "நாறுற ஊரப் பாக்க டிக்கெட்டு வேறயா" என்று சிரித்தவர்களே இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை உண்டா என்று என்னைக் கேட்கிறார்கள்.

அங்கே எனக்குப் பெயரே கைராசி அக்கா. நான் வைத்தது எதுவும் சோடை போகாது என்று பேச்சு. உனக்கென்ன, உன்னிடம் உண்மையைச் சொல்லலாம். ஆறாம் பாத்தி என்று ஒன்று என் மானத்தை வாங்குகிறது. அதில் சில குழிகளில் வைத்த செடி இருபது நாள் நன்றாக நிற்கிறது. பிறகு இலை நுனி மஞ்சளாகி ஒரு வாரத்தில் கருகிவிடுகிறது. மூன்று முறை வைத்தாயிற்று. வியாழக்கிழமைதோறும் பொறியாளர் பதிவேட்டோடு வந்து குழி குழியாகப் பார்த்து, உயிரோடு இருக்கிறதா என்று குறித்துக்கொள்வார். சின்னப் பெண்தான், ஆனால் கண்டிப்பு. கைராசி அக்கா வைத்தது செத்துப்போனது என்று அந்தப் பெண் கையால் எழுத வேண்டுமா? அதனால் புதன்கிழமை சாயங்காலமே செத்ததைப் பிடுங்கிவிட்டு அதே உயரத்தில் இன்னொன்றை வைத்துவிடுகிறேன். எந்தக் குழிக்கு எத்தனை உயரச் செடி என்று மறக்காமல் இருக்க நாட்காட்டியின் பின்பக்கம் எண்களைக் குறித்து வைக்கிறேன். வியாழக்கிழமை பதிவேட்டில் நூற்றுக்கு நூறு. மாமாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

நாற்றங்கால் தலைவியான என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளுக்கும் மகளுக்கும் படித்துக் காட்டினேன். கொக்கு வந்த இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். நாங்கள் நலம். முழங்கால் மழைக்கு முன்னால் சொல்லும், வெயிலுக்கு முன்னாலும் சொல்லும். வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேரலாம்.

என் வேனில் இந்த வருடம் பதினாறு உருப்படிகள். ஒருத்தி ஏறும்போதே அழுவாள், இறங்கும்போது வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுவாள். இன்னொருவன் மண் தின்னி. சட்டைப் பையில் ஒரு பிடி மண்ணோடுதான் ஏறுவான். "என்னடா இது" என்றால், "நல்லா இருக்கு மாமா, உங்களுக்கும் வேணுமா" என்கிறான்.

நீ தலைமையானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அப்பா அம்மா போன பிறகு நீ வேலைக்குப் போய்த்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். உன் கை பட்டால் எதுவும் பிழைக்கும் என்பதற்கு நானே சாட்சி.

ஒன்று கேட்க வேண்டும். ஆறாம் பாத்தி என்கிறாயே, அது எந்தப் பக்கம்? பம்ப் அறையிலிருந்து பார்த்தால் புகைபோக்கிப் பக்கமா, கேட் பக்கமா? சும்மாதான் கேட்கிறேன், பழைய இடமாயிற்றே. அப்புறம், அந்த மண்ணை வெறும் கையால் கிளறாதே. கையுறை போட்டுக்கொள். மறக்காதே அக்கா.

மாமாவுக்கு என் அன்பைச் சொல். மெதுவாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பி,

மண் தின்னிக்கு என் ஆசிகள். நீயும் அந்த வயதில் சுவரைச் சுரண்டித் தின்றவன்தான், ரொம்பப் பேசாதே.

ஆறாம் பாத்தி புகைபோக்கிப் பக்கம். பம்ப் அறைச் சுவரில் தொடங்கி நீளமாகப் போகிறது. பழைய டிராக்டர்க் கொட்டகைக்கு எதிரே என்றால் உனக்குச் சட்டென்று விளங்கும், நீ ஓட்டிய வண்டி அங்கேதானே நிற்கும்.

கையுறை போடச் சொல்கிறாயே, இந்தக் கைக்கா? முலாம் தொட்டியில் நின்ற காலத்தில் இரண்டு கையிலும் விரல் இடுக்கெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் புண். உன் மாமாதான் ஆறு மாதம் சாப்பாடு ஊட்டிவிட்டார். "இன்னும் ஒரு வருஷம் இங்க நின்னா விரல் தங்காது" என்று டாக்டர் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மேலாளர் மட்டும் மனம் இரங்கி என்னைப் பாக்கிங் பிரிவுக்கு மாற்றாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு எந்தச் செடியை நட்டிருப்பேன்? பாக்கிங் கூடத்துக்குப் பக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் கூடம், நாள் முழுக்க டமார் டமார் என்று அடித்துக் காது போனது. போகட்டும். கையைக் காப்பாற்றிக்கொண்டு காதைக் கொடுத்தேன், எனக்கு நஷ்டமில்லை. ஒவ்வொரு நாற்றை நடும்போதும் அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது பெரிய சேதி. ஜூன் முதல் ஞாயிறு பூங்கா திறப்பு. குழந்தைகள் விளையாட ஒரு மணல் திடல் வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. எங்கே என்கிறாய்? ஆறாம் பாத்தியில். பொறியாளர் எல்லாருக்கும் முன்னால் பதிவேட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பாத்தியில ஒரு செடிகூடச் சாகல. இருக்கிறதுலயே சுத்தமான மண் இதுதான்" என்றார். செடிகளை ஓரத்துக்கு மாற்றி நிழலுக்கு நிறுத்திவிட்டு நடுவில் மணல் கொட்டுவார்கள். எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். கொஞ்சம் உறுத்தியது. இனிமேல் அங்கே செடியே இல்லை, சாவதற்கும் ஒன்றுமில்லை, விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன்.

மருமகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, டிவியை மூடி வை.

அக்கா


ஏப்ரல் 9

தம்பி,

ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? உன் வீட்டுக்காரிக்கு மாமா போன் போட்டார். எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீ மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறாய் என்றாளாம். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? சுவரைத் தின்றவன் என்றதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லையே நீ.

இங்கே மூன்று லாரி மணல் வந்து இறங்கிவிட்டது. ஊஞ்சலுக்குக் குழி தோண்ட ஆள் வருகிறது.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

நான் நலம். கோபம் இல்லை. உன் மேல் எனக்கு என்றைக்குக் கோபம் வந்தது?

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று வேனை அஞ்சலகத்துக்கு எதிரிலேயே நிறுத்திக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளைகளை இறக்கியாயிற்று.

அங்கே மணல் கொட்டவிடாதே. ஆறாம் பாத்திக்கு அடியில் பீப்பாய்கள் இருக்கின்றன. முலாம் தொட்டிகளின் அடியில் தங்குமே மஞ்சள் சேறு, அது. நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

பதினெட்டு வருடம் முன்னால் மழைக்காலத்தில் ஒரு சோதனைக் குழு வருவதாக இருந்தது. அதற்குள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பீப்பாய்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்று மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். குழி தோண்டியவர் இன்னொருவர், அவர் இப்போது இல்லை. டிராக்டரில் ஏற்றி இறக்கியது நான். நாற்பத்தொரு பீப்பாய். மேலே களிமண் போட்டு மிதித்தோம். பம்ப் அறை மூலையிலிருந்து புகைபோக்கியைப் பார்த்து அறுபது எட்டு வைத்தால் குழியின் நடு. அன்றைக்கு எண்ணி வைத்தேன். ஏன் எண்ணினேன் என்று அப்போது தெரியவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்காதே. சொன்னார்கள், செய்தேன். அடுத்த மாதமே வேலையை விட்டு ஊரை விட்டு வந்தேன். "கைல இருக்கிற வேலைய விட்டுட்டு எங்கடா போற" என்று நீ அழுதாய். அந்த மண் மேல் வண்டி ஓட்ட முடியவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். அது மேலே வந்துவிடும் என்று தினமும் பயம். உன் முதல் கடிதம் வந்த அன்றே வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மாதம் கோழையாக இருந்தேன். இன்று காலை மண் தின்னி என்னிடம் ஒரு பிடி நீட்டினான். அதற்கு மேல் முடியவில்லை.

இந்தக் கடிதத்தைப் பொறியாளரிடம் கொடு. என் பெயரையும் விலாசத்தையும் பின்னால் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எது வந்தாலும் என் தலைக்கு வரட்டும்.

மாமா இதைச் சத்தமாகப் படிக்காமல் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

நன்றாக இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா? முதலில் சாப்பிடு.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். மாமாவும் படித்தார், வாயைத் திறக்கவில்லை. அவர் இத்தனை மெதுவாக இருந்து நான் பார்த்ததில்லை.

பொறியாளர் படித்துவிட்டு உடனே தோண்டும் இயந்திரம் கேட்டு வாங்கினார். இரண்டு நாளைக்குத்தான் கிடைத்தது. பம்ப் அறை மூலையிலிருந்து அவரே அறுபது எட்டு எண்ணி நடந்தார். அங்கே தோண்டினார்கள். சுத்தமான மண். பக்கத்தில் இன்னொரு குழி. அதுவும் சுத்தம். மணல் ஒப்பந்தக்காரர், "யாரோ எழுதுன மொட்டைக் கடுதாசிக்கு எங்க வேலையக் கெடுக்குறீங்களே" என்றார். மொட்டை இல்லை, அது என் தம்பி எழுதியது என்றேன். "வயசாச்சுல்ல, ஞாபகம் மாறிப்போயிருக்கும்" என்றார்.

பிறகு பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காதுக்குக் கிட்டே வந்து, "அக்கா, அடியில அப்படி ஒண்ணு இருந்தா மேல செடி பிழைச்சிருக்குமா? பாத்திப் பதிவேட்டப் பாருங்க, ஒண்ணுகூடச் சாகலையே" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். கைராசி அக்கா, நூற்றுக்கு நூறு, கை தட்டல் எல்லாம் வந்து முன்னால் நின்றது. எந்தக் குழியில் செத்தது, எதில் சாகவில்லை என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும், "ஆமா மேடம்" என்றேன். நீ பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டாய். நான் உன்னைப் பொய்யனாக்கிவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வரும் பதினைந்தாம் தேதி மணல் பரப்புகிறார்கள்.

அக்கா


மே 4

அக்கா,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கடிதம் போட்ட அன்று ராத்திரிதான் இத்தனை வருடத்தில் முதல் முறையாக விடியும்வரை தூங்கினேன். இவளிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டினாள், பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

இடம் தப்பவில்லை. எட்டுதான் தப்பியிருக்கிறது. உங்கள் பொறியாளர் எத்தனை உயரம்? நான் அந்த வயதில் தாண்டித் தாண்டி நடப்பேனே. உன்னோடு கடைக்கு வரும்போதெல்லாம், "பின்னாடி நாய் துரத்துதா, நின்னு வாடா" என்று திட்டுவாய். என் அறுபது எட்டு அவருக்கு எண்பது இருக்கும். முன்பே இது தோன்றியிருக்க வேண்டும். நான் வந்து நடந்து காட்டலாம் என்றால் இந்தக் காலோடு இப்போது நடந்தால் அதுவும் தப்பும். ஆனாலும் வருகிறேன். பள்ளிக்கூடத்துக் கோடை வகுப்பு இருபதாம் தேதிதான் முடிகிறது, அதற்குள் மாற்று ஓட்டுநர் கிடைக்கவில்லை. அதுவரை எப்படியாவது மணலைத் தள்ளிப்போடச் சொல்.

பதிவேட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு வாய் ஏது? நான் பதினெட்டு வருடம் வாய் திறக்காதவன். நீ சில மாதம்தான்.

நீ நலமாக இரு. அதுதான் எனக்கு வேண்டும்.

தம்பி


மே 13

தம்பி,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். "இன்னிக்குத் தேதி பாக்க எங்க போவேன்" என்று மாமா பின்னாலேயே கத்தினார்.

பொறியாளர் மேசையில் நாட்காட்டியைக் கவிழ்த்து வைத்தேன். "மேடம், இதுல இருக்கிற நம்பரெல்லாம் செத்த செடி. நான்தான் புதன்கிழமை புதன்கிழமை மாத்தி மாத்தி வச்சேன்" என்றேன்.

நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு, "எத்தன வாட்டி?" என்றார்.

"சில குழிக்கு மூணு வாட்டி. சிலதுக்கு அஞ்சு."

"அந்தப் பதிவேட்ட நம்பித்தானே அங்க பிள்ளைங்க விளையாடலாம்னு நான் கையெழுத்துப் போட்டேன்?" கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பாத்தியின் வரைபடத்தை எடுத்து நாட்காட்டி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தார். வைக்க வைக்க அந்தப் பெண்ணின் முகம் மாறியது. புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கட்டில் போட்ட மாதிரி நீளமாக ஒரு கட்டம். அவர் தோண்டிய இடத்தைத் தாண்டி இருபது எட்டு. நீ சொன்ன எண்பது.

மறுநாள் இயந்திரம் வந்தது. காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முதல் பீப்பாய். துருப்பிடித்துப் பக்கவாட்டில் வெடித்திருந்தது. அதே மஞ்சள். பார்த்ததும் என் விரல் இடுக்கெல்லாம் எரிந்த மாதிரி இருந்தது. ஒப்பந்தக்காரர் அவராகவே மணல் லாரியைத் திருப்பி அனுப்பினார். எல்லாரையும் வெளியே போகச் சொல்லி வேலி போட்டுவிட்டார்கள்.

திறப்பு விழா தள்ளிப்போய்விட்டது, எப்போது என்று தெரியாது. என் தலைமையும் போயிற்று. வேலை போகவில்லை. மற்ற ஆறு பேரோடு நானும் ஒருத்தியாக நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறார் மாமா. கைராசி அக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை. கிளம்பும்போது பொறியாளர் மட்டும் திரும்பி வந்து, "அந்த நாட்காட்டி இல்லேன்னா கிடைச்சிருக்காது. உங்க தம்பிக்கும் நன்றி சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம். என்னைப் பாக்கிங் பிரிவுக்கு மாற்றிய உத்தரவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். மழைக்காலம்தான். ஒரு திங்கட்கிழமை. நீ எழுதிய மூன்று ஞாயிறு எந்த மாதம், தம்பி?

அக்கா


மே 24

அக்கா,

உன் கடிதத்தை வேனில் வைத்தே படித்தேன். பின்சீட்டுக் குட்டி, "மாமா அழுவுறாரு" என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள். மானம் போயிற்று. ஆனால் சந்தோஷம்.

நீ செய்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? என் சொல்லை உண்மையாக்க உன் பெயரை விட்டுக் கொடுத்தாய். எத்தனை பேர் கை தட்டிய பெயர்.

விசாரணைக்கு ஜூலை பத்தாம் தேதி என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். வருவேன். மூன்று நாள் உன் வீட்டில்தான். என்ன நடக்கும் என்று தெரியாது. கேட்பதற்கு உள்ளதைச் சொல்வேன்.

மாதமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. பழைய தாளையெல்லாம் ஏன் கிளறுகிறாய். தேதி ஒத்துப்போனால் அது எதேச்சைதான்.

உன் மருமகள் பாஸ். அத்தைக்குச் சொல்லச் சொன்னாள்.

தம்பி


ஆகஸ்ட் 2

என் தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததாக நீ போட்ட அட்டை வந்தது. உன்னைத் தண்டிப்பார்களா என்று மாமா தினமும் கவலைப்பட்டார். முன்வந்து சொன்னவர் என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், பழைய நிர்வாகத்தின் மேல்தான் வழக்கு என்று பொறியாளர் சொல்கிறார். நாற்பத்தொரு பீப்பாயும் கிடைத்துவிட்டது. நீ சொன்ன எண்ணிக்கையில் ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. திடலை வாசல் மண்டபத்துக்குப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். இந்த முறை ஆழம் வரைக்கும் மண்ணைச் சோதித்தார்கள், ஆறு இடத்தில்.

நீ இருந்த மூன்று நாளும் நாம் பேசியது உன் முழங்கால், மருமகளின் காலேஜ், மாமாவின் குறட்டை. நீ பம்ப் அறை மூலையிலிருந்து நொண்டி நொண்டி நடந்து காட்டினாயே, அப்போது வேலி ஓரத்தில் நின்று உன்னிடம் கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் நீ பதிலைக் கத்த வேண்டும். சுற்றிலும் அத்தனை பேர். விட்டுவிட்டேன். நீயும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

நேற்று பொறியாளர் உன் வாக்குமூலத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க படிக்கணும்னு தோணுச்சு" என்றார். நாலாவது கேள்வி, இந்த வேலைக்கு ஏன் சம்மதித்தீர்கள் என்று. அதற்கு நேராக உன் கோணல் எழுத்தில் ஒரு பதில். "என் அக்காவின் கை அழுகிக்கொண்டிருந்தது. சம்மதித்தால் அவளை முலாம் தொட்டியிலிருந்து மாற்றுவதாகச் சொன்னார்கள்."

எதேச்சையா, தம்பி?

நாற்றங்காலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கையை விரித்துப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தேன். என்ன என்று ஒருத்தி வந்து கேட்டாள். மண் ஒட்டியிருக்கிறது என்றேன்.

மாற்றல் கிடைத்த வாரம் மேலாளர் வீட்டுக்கு ஒரு கூடைப் பழம் கொண்டுபோனோம், நினைவிருக்கிறதா? கையில் கட்டு இருந்ததால் என்னால் தூக்க முடியவில்லை, நீதான் தூக்கி வந்தாய். வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் நின்றாய். கட்டுப் போட்ட கையோடு அந்த மனிதரைக் கும்பிட்டேன். அவரும் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் எவ்வளவு நல்லவர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ "ஆமாக்கா, ஆமாக்கா" என்றாய். உனக்கு எப்படி இருந்திருக்கும்?

நீ செய்தது தப்புதான். உனக்காக அதை நான் சரி என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு மண் தின்னி வந்து உட்கார்ந்திருந்தால் நாம் இருவரும் எந்த முகத்தோடு இருந்திருப்போம்? நீயும் அதை அறிந்துதான் சொன்னாய். அது வேறு. என் கையைக் காப்பாற்றியது வேறு.

மண்ணைச் சுத்தம் செய்ய இரண்டு வருடம் ஆகுமாம். அதன் பிறகு அங்கே முதல் செடியை என்னை வைக்கச் சொன்னார் பொறியாளர். சரி என்றேன், ஆனால் தம்பி வந்தால்தான் என்றேன். பதிவேட்டில் அது பிழைத்தால் பிழைத்தது என்றும் செத்தால் செத்தது என்றும் எழுத வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன். இப்போது மறுபடி ஓரிருவர் கைராசி அக்கா என்கிறார்கள். அது ராசி இல்லை, ஒருத்தர் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லலாமா என்று பார்க்கிறேன்.

பதினெட்டு வருடமாக, இப்போது நாற்றுக்கு ஒன்றாக, நன்றி சொல்லி வந்தேன், அத்தனையும் விலாசம் தப்பிப் போயிருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தின் மேல் உன் விலாசத்தை இரண்டு முறை சரிபார்த்து எழுதியிருக்கிறேன்.

கை நன்றாக இருக்கிறது, தம்பி.

உன் அக்கா